சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே ரெசிஸ்டர் போதாது

மாடல் படகின் இடப்பக்கச் சிவப்பு எல்இடி விளக்கையும் வலப்பக்கப் பச்சை எல்இடி விளக்கையும் பக்க இணைப்பில் (parallel) சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் பச்சை எரியாது, எரிந்தாலும் மிக மங்கலாகத்தான் தெரியும்.

சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும். இப்போது கடையில் கிடைக்கும் பளிச்சென்ற பச்சைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்பு மின்னழுத்தத்தை 2-லேயே பிடித்து நிறுத்திவிடுவதால் மின்னோட்டம் முழுக்க அதன் வழியாகவே போய்விடுகிறது. பழைய மஞ்சள் சாயல் பச்சை எல்இடியும் 2 வோல்ட்டை ஒட்டியது என்பதால் அதில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

நீங்களே பார்க்கலாம். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பச்சையின் இரு கால்களிலும் தொடுங்கள், 2 வோல்ட் அளவில்தான் காட்டும். சிவப்பின் ஒரு காலைக் கழற்றினால் பச்சை உடனே எரியும்.

நான்கு ஏஏ செல் (6 வோல்ட்) என்றால் சிவப்புக்கு 470 ஓம், பச்சைக்கு 330 ஓம், தனித்தனியாகப் போடுங்கள்.