தூக்குவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

பழைய ஜீப் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எத்தனை இஞ்ச் லிஃப்ட் போடலாம்? எந்த சைஸ் டயர் ஏறும்?" லிஃப்ட் என்றால் ஸ்பிரிங் பகுதியை மாற்றி வண்டியை உயர்த்துவது. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், எப்படி இருக்கிறது என்று பேச்சைத் தொடங்குபவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து பளபளவென்று நின்றது வண்டி. பின்பக்க ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் இணைப்பு) மாட்டும்போது, அது சேசிஸில் தொங்கும் ஹேங்கர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் லேசாக இடித்தது. அப்படியே உள்ளே போய்விட்டது. மேலே நல்ல கறுப்புப் பெயிண்ட், உள்ளே துருப்பொடி. அடித்த பெயிண்ட்டைச் சுரண்டி, பாடியை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

பெட்டி வடிவ சேசிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், வடிகால் துளை மண்ணால் அடைபடும், ஈரம் அங்கேயே தங்கும். ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் ஹேங்கர், பாடியைத் தாங்கும் பக்கக் கைகள், இந்த மூன்றையும் விடாதீர்கள். 1948இல் வந்த லேண்ட் ரோவரிலிருந்து அந்த வரிசை வண்டிகளுக்கு அலுமினியக் கலவை பாடி. 'அதனால் துரு பிடிக்காது' என்று நம்பி வாங்குகிறார்கள். அதன் சேசிஸ் இரும்புதான். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும்.

அரித்த தகட்டின் மேலேயே இன்னொரு தகடு வைத்து வெல்டிங் செய்து தருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துத்தான் ஒட்ட வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அது அழிந்தால் வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகும்.

அடுத்தது பிரேக். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்பவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிவிடுங்கள். டிரம் பிரேக் வண்டியென்றால், ஓடையைத் தாண்டியதும் பெடலை மெல்ல மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும். டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சிலில் உருண்டையாகத் தொங்கும் கியர் பெட்டி, தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 29 இஞ்ச் டயரிலிருந்து 33க்குப் போனால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது, கூடிய விட்டத்தில் பாதி, 2 இஞ்ச். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68இல் போகும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியர் ஜோடியின் விகிதம் 4.10 என்றால் அது 3.60 போல நடந்துகொள்ளும், அதாவது ஏற்றத்தில் இழுக்காது, கிளட்ச்சைப் போட்டு வறுப்பீர்கள். டயரின் எடை ஆக்சில், பேரிங், ஸ்டீயரிங் ஜாயிண்ட் எல்லாவற்றிலும் ஏறும். பிரேக் மட்டும் பழையதே.

லிஃப்ட் போட்டால் பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டுப் பாருங்கள். தரையில் நிற்கும்போது பார்த்தால் தெரியாது. ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடினால் அதிர்வு வரும், அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேயும். சிலர் ஷாக்கிளை மட்டும் நீட்டிவிடுகிறார்கள். 2 இஞ்ச் நீட்டினால் கிடைப்பது 1 இஞ்ச் உயரம். கூடவே ஆக்சில் திரும்பி ஸ்டீயரிங்கின் குணமே மாறிவிடும்.

இதைவிட அதிகம் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு: ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பால் நிறமாகிவிடும். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி உயரமான இடத்துக்குக் கொண்டுபோனால் போதும். யாரும் இதைப் போட்டோ எடுத்துப் போடுவதில்லை, ஆனால் கிரவுன் பினியனைக் காப்பாற்றுவது இந்த ஹோஸ்தான்.

இரண்டாவது முறை வண்டி தயாரானபோது ஆறு மாதம் எதையும் மாற்றாமல் ஓட்டினேன். அப்புறம் என் பட்டியலே மாறிவிட்டது. லிஃப்ட் கிட் அதில் இல்லை. நல்ல சீட், புது வயரிங், முன்னாலும் பின்னாலும் சேசிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி, அசலைவிட ஒரே ஒரு சைஸ் பெரிய டயர், அவ்வளவுதான் இருந்தது.