பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள், சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான், இப்போது 68 வயது. ஞாயிறு காலையில் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்ததும் எங்கள் தெருத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். எல்லாரும் பென்ஷன்காரர்கள், இரண்டு மூன்று பேர் குடும்பப் பென்ஷன் வாங்கும் அக்காமார். ஒருவருக்குத் தெரிந்த செல்போன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்போம். இரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், எங்கள் வயசுக்காரர்களுக்கு எங்கள் வயசுக்காரர்கள்தான் வாத்தியார்.

பிள்ளைகள் பாசமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் "குடுங்கப்பா, நான் போட்டுத் தரேன்" என்று போனை வாங்கி நாலு தட்டு தட்டி, முடிந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த கரண்ட் பில் வந்தால் மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாகி, அப்புறம் கேட்பதையே விட்டுவிடுகிறோம்.

திண்ணையில் ஒரே சட்டம்தான், அடுத்தவர் போனைத் தொடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் தட்ட வேண்டும். 72 வயது அக்கா ஒருவர் "தம்பி, வாட்ஸ்அப் அடிக்கடி காணாமப் போயிடுது" என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலிங் பெல்லை அமுக்குகிற மாதிரி விரலை வைத்து அழுத்தினார், போனோ படத்தை இடம் மாற்றச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டது, விரல் நகர்ந்ததும் படமும் எங்கேயோ போய்விட்டது. "அக்கா, சூடான தோசைக்கல்லைத் தொட்டுட்டா வெடுக்குன்னு கையை எடுப்பீங்கல்ல, அப்படித் தொடுங்க" என்றேன். அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஆறு மாதமாக வீட்டில் பேரன்தான் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தானாம்.

நவம்பர் மாதம் எங்களுக்குப் பெரிய மாதம், பென்ஷன் தொடர்ந்து வர, உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். ரேகை மெஷினில் கையை வைத்தால் பலருக்கு விழவே விழாது, காலமெல்லாம் அரம் பிடித்துத் தேய்ந்த விரல்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமான், அதாவது டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட், எடுக்கும் வசதி வந்தது எங்களுக்குப் பெரிய விடுதலை. இரண்டு ஆப் இறக்க வேண்டும், ஆதார் நம்பர் வேண்டும், முதலில் ஆபரேட்டர் முகத்தைக் கேட்கும். ஆபரேட்டர் என்றதும் யாரோ ஆபீசர் என்று பயந்து பாதியில் மூடிவைத்தவர்கள் நிறைய. அது நாமேதான், நம் முகத்தையே காட்டலாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. எங்களில் ஒரு அண்ணனுக்கு, பணம் அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள் என்று யாரோ போன் செய்ய, போட்டுவிட்டார், 18,000 ரூபாய் போய்விட்டது. மகன் திட்டுவான் என்று நாலு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நாள் திண்ணையில் எங்களிடம் சொல்லி அழுதார். அன்றே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குப் போன் செய்தோம், ஆனால் அது உடனே செய்ய வேண்டிய போன். யுபிஐயில் நமக்குப் பணம் வர பின் (PIN) நம்பர் தேவையே இல்லை என்று இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அந்த அண்ணனே முதலில் சொல்லித் தொடங்குகிறார். பட்டவர் வாயால் கேட்கும்போது எல்லாரும் காது கொடுக்கிறார்கள்.

ஓய்வூதியர் சங்கங்களும் ஊர் நூலகங்களும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு பெஞ்சும் ஒரு சார்ஜரும் போதும். ஒரே ஒரு வேலை தெரிந்தவர்கூட வந்து உட்காரலாம், ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தால் அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

போன நவம்பரில் அந்தத் தோசைக்கல் அக்கா யார் துணையும் இல்லாமல் தன் சர்டிபிகேட்டைத் தானே எடுத்தார். நம்பரோடு மெசேஜ் வந்ததும் இரண்டு தடவை படித்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த அண்ணனிடம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்காருங்கண்ணே" என்றார்.