அது சாமுராய் இல்லை சார், நடிகர்

நேற்று இணையத்தில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: பல்லைக் கடித்துக்கொண்டு, மார்புத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் விரல் விரித்து நீட்டும் அந்தப் படம். மேலே 'ஜப்பானிய சாமுராயின் வீரப் பார்வை' என்று தலைப்பு. மூவாயிரம் லைக். "அது சாமுராய் இல்லை, நாடக நடிகர்" என்று ஒரே வரிதான் எழுதினேன். நாலைந்து சிரிப்புப் பொம்மை, "வந்துட்டாருய்யா புரொபசர்" என்று ஒரு கமென்ட், அப்புறம் பிளாக்.

சரி, இங்கே சொல்கிறேன். அவர் பெயர் மூன்றாம் ஓதானி ஒனிஜி. கபுகி என்கிற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர். 1794-இல் எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) கவராசாகி நாடகக் கொட்டகையில் எடோபெய் என்கிற அடியாளாக வேடம் கட்டினார். வழிமறித்துப் பணம் பறிக்கப் பாய்கிற கணம் அது. வீரப் பார்வையாம். திருட்டு முழி ஐயா அது!

வரைந்தவர் ஷராகு. பத்தே மாதத்தில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் நூற்று நாற்பதுக்கு மேல், அதற்குப் பிறகு ஆளையே காணோம். முதலில் வந்த 28 முகங்களுக்குப் பின்னால் மைக்கா தூள் மின்னும் கறுப்பு. பெண் வேடம் கட்டிய ஆணின் தாடையைக்கூட மறைக்காமல் போட்டார். உள்ளதை உள்ளபடி வரைந்ததால்தான் நிலைக்கவில்லை என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு ஹீரோவைத் தொப்பையோடு வரைந்து ரசிகர் மன்றத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

"ரசித்தால் போதாதா, பெயர் எதற்கு?" என்பீர்கள். போதாது. யார், எந்த வேடம் என்று பார்த்துத்தான் அங்கே காசு கொடுத்தார்கள். 1842-இல் ஷோகன் அரசு, அதாவது அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரின் அரசு, நடிகர் படங்களுக்கே தடை போட்டது. தடை போட்டவனுக்குக்கூட அது நடிகர் என்று தெரிந்திருக்கிறது! பிடி தளர்ந்ததும் பெயரை மட்டும் விட்டுவிட்டு விற்றார்கள். ரசிகர்கள் மூக்கை வைத்தே ஆளைச் சொன்னார்கள். இங்கே பெயரைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

"எல்லாருக்கும் ஜப்பான் வரலாறு தெரியணுமா?" வேண்டாம். எனக்கும் அந்த மொழியில் ஓர் எழுத்து வாசிக்க வராது. பிளஸ் டூவோடு நின்றவன் நான். புரொபசர் என்றது அதனால்தான் கொஞ்சம் குத்திவிட்டது, விடுங்கள்.

பல வருடம் முன்பு இதே படத்தின் பிரதி ஒன்றை வாங்கி பிரேம் போடக் கொடுத்தேன். ஓரத்திலிருந்த ஷராகுவின் கையெழுத்தை "ஏதோ கிறுக்கல் சார்" என்று வெட்டிவிட்டுத் தந்தார் கடைக்காரர். அன்றும் நான்தான் சண்டைக்காரன். வீட்டுக்கு வந்த அத்தை, "திருஷ்டிப் படத்தை ஏன்டா உள்ளே மாட்டியிருக்கே, வாசல்ல மாட்டு" என்றார். உட்காரவைத்து நடிகரையும் வேடத்தையும் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து கிட்டே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தார்.

"அப்புறம்? பணம் கிடைச்சுதா அவனுக்கு?"