மஞ்ச நோட்டீஸ் வக்கீல்னு சிரிக்கிறவங்களுக்கு

அந்த வீடியோவ பாத்துட்டேன், இனிமே யாரும் ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். "மஞ்ச நோட்டீஸ் விடுறவன் திருடன், அவனுக்கு வாதாடுற வக்கீல் அவனவிடப் பெரிய திருடன்." அடேங்கப்பா. என் காலேஜ் பேட்ச்லயே எத்தன பேர் லைக் போட்டிருக்கீங்க! அதுல ஒருத்தர் போன வருஷம் ராத்திரி போன் பண்ணி மச்சானுக்கு ஐபி (கடன் கட்ட முடியலன்னு கோர்ட்ல போடுற திவால் மனு, அதாவது மஞ்ச நோட்டீஸ்) போட முடியுமான்னு கேட்டவர். பேர் சொல்லல.

கட்ட முடியாதவன் வேற, கட்ட மனசில்லாதவன் வேற. இதப் பிரிச்சுப் பாக்கத்தான் சப் கோர்ட்ல ஐபின்னு ஒன்னு இருக்கு. மனு போட்ட அன்னிக்கே கடன் காணாமப் போயிடுமா? கடன் கொடுத்தவங்களுக்கு நோட்டீஸ் போகும், வந்து எதிர்க்கலாம், சொத்து ரிசீவர் (சொத்தப் பாத்துக்க கோர்ட் வைக்கிற ஆள்) கைக்குப் போகும், முந்தின ரெண்டு வருஷத்துல பொண்டாட்டி பேருக்கு சும்மா எழுதி வச்சத ரத்து பண்ணலாம், மோசடி பண்ணி வாங்கின கடன்லேர்ந்து விடுதலையே கிடையாது. 1920-ல வந்த சட்டம்தான் இன்னும் ஓடுது. 2016-ல வந்த புது திவால் சட்டத்துல தனி ஆளுக்குன்னு எழுதின பகுதிய, கம்பெனிக்கு ஜாமீன் நின்னவங்களத் தவிர மத்தவங்களுக்கு இன்னும் அமலுக்கே கொண்டு வரல.

ஏமாத்துறவனும் மனு போடுறானேன்னு கேப்பீங்க. போடுறான். அதுக்காக எல்லாரையும் திருடன்னுவீங்களா? வீடியோகான் கம்பெனி திவால் கேஸ்ல 2021-ல என்சிஎல்டி (கம்பெனி கேஸ் பாக்குற தீர்ப்பாயம்) ஒத்துக்கிட்ட பிளான்ல கடன் கொடுத்தவங்களுக்கு வர வேண்டியதுல 95 சதவீதத்துக்கு மேல நஷ்டம் (அப்புறம் அது அப்பீல்ல நிக்கல), அப்ப யாரும் வீடியோ போடலயே?

திருப்பூர் பக்கம் ஒரு அண்ணன். கடன் வாங்கி எம்ப்ராய்டரி மெஷின் எடுத்தாரு, முதல் மாசமே மக்கர். என்கிட்ட கன்ஸ்யூமர் கேஸாத்தான் வந்தாரு. வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோரே இல்லன்னு கம்பெனி வாதம். சொந்தப் பொழப்புக்கு வாங்கினா நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு, ஆனா அத சொல்லி முடிக்கிறதுக்குள்ள எத்தன வாய்தா! மூணு மாசத்துல முடிக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க, சிரிப்புதான் வருது. நடுவுல ஃபைனான்ஸ்காரங்க ராத்திரி பத்து மணிக்கு போன். காலைல எட்டுக்கு முன்னாடி, சாயங்காலம் ஏழுக்கு மேல வசூலுக்கு கூப்பிடக் கூடாதுன்னு 2022-லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. பொண்ணோட டீச்சருக்கே போன் பண்ணி அசிங்கப்படுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் ஐபி. ஏமாந்தவரும் அவரேதான், மஞ்ச நோட்டீஸ் விட்டவரும் அவரேதான். கட்ட முடியாதவன் வேறன்னு இதனாலதான் கத்திட்டு இருக்கேன்.

"வக்கீல கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதாமே, நீ பேசலாமா?" ஆமா, 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, அத நானா எழுதினேன்? டாக்டர்கள 1995-லயே கன்ஸ்யூமர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாச்சு, நமக்கு மட்டும் விலக்கான்னு எனக்கும் உறுத்தல்தான். பார் கவுன்சில் இருக்கு, சிவில் கோர்ட் இருக்கு, போங்க.

எங்கம்மா சொந்தக்காரங்ககிட்ட "என் மக சிவில் பாக்குறா"ன்னு சொல்லி நிறுத்திக்கும். அதுக்கு மேல கேட்டா காபி போடப் போயிடும். உங்க லைக்கெல்லாம் அது கண்ணுலயும் படுதுங்க.

கடன் கொடுத்தவன் என்ன பாவம் பண்ணான்னு கேட்டீங்கல்ல? அந்த மெஷின் கேஸ்ல ஜெயிச்சு ஆர்டர் வாங்கியாச்சு, பணம்தான் வரல. வந்தாலும் ரிசீவர் வழியா கடன் கொடுத்தவங்களுக்குத்தான் பிரியும். அண்ணனுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வர்றாரு. திருடனாம்.