3ஐ/அட்லஸ் படையெடுத்து வரும் விண்கலம் அல்ல

"3ஐ/அட்லஸ் வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலம், பூமியின் தண்ணீரை அள்ளிப்போக வருகிறது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அது ஒரு வால்மீன். 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகி, வாயுவும் தூசும் அதைப் புகைமூட்டமாகச் சூழ்ந்தன. அந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவுசெய்தது. பூமிக்கு மிக அருகில் வந்த 2025 டிசம்பர் 19 அன்றுகூட அது சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளியே இருந்தது. சூரியனே நமக்கு அதைவிடப் பக்கம்!

தண்ணீர்க் கதையும் நிற்காது. தண்ணீர்தான் வேண்டுமென்றால் அதற்காகப் பூமிக்கு வரத் தேவையே இல்லை. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் நம் கடல்களைப்போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

நாசா இணையதளத்தில் 3ஐ/அட்லஸின் பாதையையும் படங்களையும் நீங்களே பார்க்கலாம். குழந்தைகள் பயப்படுகிறார்கள், தயவுசெய்து இனி இதைப் பகிராதீர்கள்.