எவர்சில்வர் அப்பத்தாவை எடைக்குப் போடச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விழாவில் நடந்தது இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மேடைக்குப் பக்கத்தில், பழைய எவர்சில்வர் பாத்திரங்களை ஒட்டிச் செய்த ஒரு சிலை இருந்தது. அதைப் பார்த்து, சிறப்பு விருந்தினர் மைக்கிலேயே கேட்டார்: "இந்தக் குப்பைய எடைக்குப் போட்டா எவ்வளவுப்பா தேறும்?" கூட்டம் கைதட்டியது. மதியச் சாப்பாடு முடிவதற்குள் சிலையைத் தூக்கிப்போய் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அந்தச் சிலையைச் செய்த தம்பி அத்தனை நேரமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

அது குப்பை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்தச் சிலைக்குக் கிட்டே போய் நின்றிருப்பார்கள்? நான் நின்றேன், ரொம்ப நேரம் நின்றேன். காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற ஓர் அப்பத்தா. முழங்கால் இரண்டும் கவிழ்த்த குண்டான்கள். தோள் ஒரு பழைய தூக்குவாளியின் வளைவு. காதில் தண்டட்டி தொங்கும் இடத்தில் காம்பு வெட்டிய குழம்புக் கரண்டிகள். முகத்துக்குத் தட்டுகளைப் பட்டை பட்டையாக நறுக்கிச் சேர்த்திருக்கிறான். பழைய பாத்திரம் பட்டறைக்கு வந்தால் முதல் வேலையே ஒடுக்கு எடுப்பதுதான். இவன் எடுக்கவில்லை. ஒடுக்கு விழுந்த பாத்திரங்களாகவே தேடி வாங்கி, அந்த ஒடுக்கையே கன்னத்துச் சுருக்கமாக்கியிருக்கிறான்.

அப்புறம் அந்தப் பெயர்கள். நம் பக்கம் பெயர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் ஏது? யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு, என்ன தேதி, எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் பக்கம் முழுக்க வெளியே தெரிகிற மாதிரியே ஒட்டியிருக்கிறான். முதுகில் ஒரு காதணி விழா. முழங்கையில் ஒரு புதுமனை புகுவிழா. உள்ளங்காலில் 'தாய்மாமன் சீர்' என்று பாதி அழிந்துபோன எழுத்து. ஒரு கிழவி தன் ஆயுசு முழுக்கப் போன விசேஷங்களையெல்லாம் உடம்பில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பார்த்துத்தான் எவ்வளவு தேறும் என்று கேட்டார்கள்.

எனக்கு இதில் சொந்தக் கோபமும் உண்டு, மறைக்கவில்லை. என் அப்பா மதுரையில் ஒரு பாலிஷ் பட்டறையில்தான் வேலை பார்த்தார். பஃப் சக்கரத்தில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். கறுப்புத் தூள் புருவத்திலும் மூக்குத் துவாரத்திலும் ஏறிவிடும். சாயங்காலம் எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போகாது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அப்பா ஒரு குடத்தைக் கையில் எடுத்து, கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பட்டறைச் சரக்கு" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து மாமா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வச்சிருங்க மச்சான், கறை ஒட்டிரப் போகுது." அப்பா குடத்தை வைத்துவிட்டார். பந்திக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பளபளக்கிற வரைக்கும் பாத்திரம் வேண்டும், பளபளக்க வைத்த கை வேண்டாம். பழசானால் பாத்திரமும் வேண்டாம். அதை எடுத்து ஒருவன் சிலை செய்தால் அவனும் வேண்டாம். சரி, அப்படியென்றால் யார்தான் வேண்டும் உங்களுக்கு?

"சிற்பம்னா கல்லுல செதுக்கணும், இல்லாட்டி ஐம்பொன்னுல வார்க்கணும்" என்று ஒருவர் என் பதிவில் வந்து எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் மதுரைக்காரர்தானே? நாயக்கர் மகாலுக்குள் போய் அந்தத் தூண்களைக் கட்டிப் பிடித்துப் படம் எடுக்காதவர் உண்டா? 1636-இல் கட்டியது. பார்த்தால் கல் மாதிரி இருக்கும், உள்ளே செங்கல். மேலே இருப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு. அம்மன் கோயில் கோபுரத்தில் நீங்கள் அண்ணாந்து கும்பிடுகிற பொம்மைகள் அத்தனையும் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து. கிராமத்தில் புரவி எடுப்புக்குத் தூக்கிவருகிற குதிரை சுட்ட மண். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் போய் இது கல் இல்லையே, அதனால் கலை இல்லை என்று சொல்வீர்களா? கையில் கிடைத்ததை வைத்துச் செய்வதுதான் இந்த ஊர் வழக்கம். அன்றைக்குக் கையில் கிளிஞ்சலும் முட்டையும் இருந்தது. இன்றைக்கு வீடு வீடாக எவர்சில்வர் இருக்கிறது.

வெளியூர்க் கதையும் கேளுங்கள். பிகாரில் பிறந்த சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை வைத்தே 2006-இல் ஒரு பிரம்மாண்டமான மண்டையோடு செய்தார். அதை வெனிஸில் பெரிய கால்வாயின் கரையில், ஒரு மாளிகை வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். 1942-இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிளின் சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஒட்டிக் காளைத் தலை ஆக்கினார். கானாவில் பிறந்து, பல வருஷம் நைஜீரியாவில் இருந்து வேலை செய்த சிற்பி எல் அனட்சுயி மதுபாட்டில் மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் அளவுக்குத் திரை திரையாகத் தொங்கவிடுகிறார். 2015-இல் வெனிஸ் பியனாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கர்நாடகத்தின் ஷீலா கவுடா 2009-இல் செய்தது. கோயிலில் மொட்டை போட்ட முடியைத் திரித்த கயிறு, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். அதில் கார் பம்பர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கண்ணேறு படாமல் இருக்க வண்டியில் முடிக்கயிறு கட்டுகிற அதே பழக்கம்தான். அவ்வளவு கனமான இரும்பை வெறும் முடி தாங்கிக்கொண்டு நிற்கும்போது, வேண்டுதல் என்றால் என்ன என்று உடம்பு சிலிர்க்கிறது. அது லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

"வெள்ளைக்காரன் ஒத்துக்கிட்டாத்தான் உனக்குக் கலையா?" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். இல்லை. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாள் 2014 கொச்சி பியனாலேயில் குந்திரிக்கமும் மூலிகையும் மரப்பட்டைத் தூளும் கலந்து ஏசுவையும் சீடர்களையும் செய்தார். நம் பெண்தான். தேவாலயப் புகையின் வாசனையே உருவமாக நிற்கிறது. இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நானாக யாரையும் வெளிநாட்டுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லவில்லை. நாம் உள்ளூரிலேயே பார்க்காததால்தான் அவர்கள் வெளியே போக வேண்டியிருக்கிறது.

"ரவுண்டானாவில் வைக்கிற தகர மயிலெல்லாம் கலையா?" இல்லை, அதில் பாதி அவசரத்தில் ஒட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்தியது. ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் இந்த அப்பத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? பாத்திரத் தகடு மெல்லியது. ஆர்கான் வெல்டிங்கில் கை ஒரு நொடி தயங்கினால் பொத்தல் விழும். அந்தச் சிலையில் ஒரு பொத்தல் காட்டுங்கள் பார்ப்போம்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னதை ஏன் பெரிசாக்குறே?" இதுதான் எனக்கு ஆறவே இல்லை. நண்பர்களே எழுதியிருக்கிறீர்கள். மேடையில் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறவர், கீழே கைகட்டி நிற்கிற ஒரு சின்னப் பையனின் பல மாத உழைப்பைப் பார்த்து எடைக்கு எவ்வளவு என்று கேட்பது தமாஷா? அவன் பதிலுக்கு ஒரு தமாஷ் சொல்ல முடியுமா அந்த மேடையைப் பார்த்து? சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? கும்பகோணத்தில் கவின்கலை படித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல், நம் ஊரிலேயே செய்கிறேன் என்று இருப்பவன். பாத்திரம் வாங்கவும் வெல்டிங் கூலிக்கும் அவன் அம்மா நகையை அடகு வைத்திருக்கிறார்கள். தூக்கிப்போய் வைத்தபோது அப்பத்தாவின் இடது காது பிய்ந்துவிட்டது. அந்தக் கரண்டியை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். இது தமாஷ் இல்லை, என்னால் சிரிக்க முடியாது.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நகரம் கட்ட இடித்துப்போட்ட ஊர்களின் உடைசல், பீங்கான் துண்டு, உடைந்த வளையல் இதையெல்லாம் பொறுக்கி 1957-இலிருந்து யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் சிலை செய்தார். அரசாங்கத்துக்குத் தெரிந்தபோது இடித்திருக்கலாம். இடிக்கவில்லை, 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிற்பாடு அங்கே புல்டோசர் வந்தபோது ஊர்க்காரர்கள் குறுக்கே போய் நின்றார்கள். அங்கே மனிதர்கள் குறுக்கே நின்றார்கள், இங்கே போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். மதுரையைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது.

பாசத்தில் பேசுகிறேன் என்றால், ஆமாம், பாசம்தான். எங்கள் அப்பா தேய்த்த ஏதோ ஒரு தட்டு அந்த முகத்தில் இருக்கலாம் என்றுகூட நினைக்கிறேன். இருக்கட்டும், அதனால் சொல்வது பொய்யாகிவிடாது.

இப்போது வேலைக்கு வருகிறேன். சிலை ஒரு நண்பரின் ஷெட்டில் இருக்கிறது, அவருக்கும் இடம் வேண்டும். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நாலு பேர் தூக்கலாம், வெயில் மழை எதுவும் செய்யாது. பள்ளிக்கூடமோ நூலகமோ கடை வாசலோ, மக்கள் வந்துபோகிற இடமாக இருந்தால் போதும். காதைத் திரும்ப ஒட்டுகிற செலவு என்னுடையது. இடம் இருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். எடைக்கு எவ்வளவு என்று கமெண்ட் போட்டால் அழித்துவிடுவேன்.