ஸ்க்ரம் இருந்தால் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வேண்டாமா?

"ஸ்க்ரம் வந்தாச்சு. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது பழைய வாட்டர்ஃபால்தான், அதைப் படிப்பது வீண்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஸ்க்ரம் என்பது மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து காட்டும் முறை; வாட்டர்ஃபால் என்பது ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும் முறை. இன்ஃபோபார்க், டெக்னோபார்க் போன்ற கேரள ஐடி வளாகங்களில் வேலைக்குத் தயாராகும் நம் பாலக்காட்டுப் பிள்ளைகள் இதை நம்பிவிட வேண்டாம்.

வாட்டர்ஃபால், ஸ்பைரல் (ஆபத்துகளை எடைபோட்டுச் சுற்றுச்சுற்றாக வளர்ப்பது), ஸ்க்ரம் எல்லாம் மென்பொருளை எப்படி உருவாக்குவது என்பதற்கான முறைகள். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்பது காலம், செலவு, ஆட்கள், ஆபத்து எல்லாவற்றையும் திட்டமிட்டு ஒரு வேலையை முடிப்பது; அது பாலம் கட்டுவதற்கும் உண்டு.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பில் போடும் மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியை முடித்துக் காட்டுவது ஸ்க்ரம். சரி, எடை மெஷினை யார் வாங்குவது? அது வரத் தாமதமானால்? செயலாளருக்கு யார் பயிற்சி தருவது? ஓணத்துக்கு முன் ஒப்படைக்கக் காசு போதுமா? இதெல்லாம் எந்த ஸ்பிரின்ட்டிலும் (அந்த இரண்டு வாரச் சுற்றிலும்) தானாக முடிந்துவிடாது. ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடில் புராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பு இல்லைதான். அதற்காக அந்த வேலை மறைந்துவிடாது; பிராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர்), டெவலப்பர்கள், நிர்வாகம் என்று பிரிந்து போய்ச் சேரும். பிரித்துக்கொள்ளாத டீம்தான் கடைசி வாரத்தில் தலையில் கை வைக்கும்.

இன்னொரு வித்தியாசம்: ஒப்படைத்ததும் புராஜெக்ட் முடிந்துவிடும். மென்பொருளின் பராமரிப்போ வருடக்கணக்கில் போகும்.

அப்புறம், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்றால் வாட்டர்ஃபால்தான் என்பதும் சரியில்லை. வாட்டர்ஃபாலுக்கு மூலமாகக் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையே, சோதனையைக் கடைசிக்குத் தள்ளும் நேர்கோட்டு முறை ஆபத்தானது என்கிறது. பிஎம்பி என்ற புராஜெக்ட் மேனேஜர் சான்றிதழ்த் தேர்வை 2021-இல் மாற்றியபோதே, ஏறக்குறைய பாதி அஜைலும் (ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுப்பெயர்) ஹைப்ரிடும் (இரண்டும் கலந்தது) ஆகிவிட்டது.